இருளில் மலரும் வண்ணங்கள்

பிரான்சு தேசத்தின் வடபாகத்திலே, சொம் நதிக்கரையில் அமைந்தது அமியான் நகரம். 1220 ஆம் ஆண்டில் அங்கே கட்டத் தொடங்கிய பேராலயத்தின் முகப்பு, பகலில் வெறுங்கல்லாகவே தோன்றுகின்றது. முன்னாளில் அதன் சிற்பங்கள் வண்ணம் தீட்டப்பெற்றிருந்தன. 1990களில் லேசர் ஒளியாற் கல்லைத் துப்புரவு செய்தபோது அவ்வண்ணத்தின் சுவடுகள் வெளிப்பட்டன. மீண்டும் சாயம் பூசாது, ஒளியை வீசியே அவற்றை உயிர்ப்பிக்கின்றனர்.

ஒளிவீச்சுக் கருவி கறுப்பு நிறத்தை வீசமாட்டாது. சுவரின் இருளே ஓவியத்தின் கறுப்பு. அருகே தெருவிளக்கு எரியுமாயின் வண்ணமெல்லாம் வெளிறிவிடும். கோடையில் இரவு பத்து மணி கடந்தும் வானம் வெளுத்திருப்பதால், காட்சியும் பிந்தியே தொடங்கும்.

விளக்குகள் அணைந்ததும் புனிதர்களின் ஆடைகளில் நீலமும் செம்மையும் பொன்னும் துலங்குகின்றன. சற்றுநேரத்தில் மீண்டும் வெறுங்கல்! வெயிலும் மழையும் கொண்டுபோனதை இருள் இரவலாகத் தருகின்றது போலும்.