அப்பாவுக்கு ஒரு பட்டாளத்துப் பொம்மை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பார். வண்டி நம்பரை நோட்டில் எழுதுவார், பாஸ் இருக்கா என்று கேட்பார். கொஞ்சம் கவனித்தால் சிலரிடம் மட்டும் ஒரு வித்தியாசம் தெரியும். ஷூ பளபளவென்று இருக்கும், சட்டை மடிப்பு கலையாது, முதுகு வளையாது. விசாரித்தால் "எக்ஸ் சர்வீஸ்மேன்" என்பார்கள். பதினைந்து, இருபது வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர்கள். உள்ளே போகும் பலருக்கு இது தெரியாது. சில வீடுகளில் பிள்ளைகளுக்கே அப்பா அங்கே என்ன செய்தார் என்று முழுசாகத் தெரியாது. டிரங்குப் பெட்டியில் மெடல் இருக்கும், அதன் கதை இருக்காது.

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிள்ளைகள் என்ன செய்யலாம்? ஒரு யோசனை: அவரைப் போலவே, அவருடைய சீருடையோடு, கை கால் மடங்குகிற ஒரு பொம்மை. சிரிக்காதீர்கள், இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது!

1964ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 'ஜி.ஐ.ஜோ' என்ற பொம்மையை வெளியிட்டது. கிட்டத்தட்ட ஒரு அடி உயரம். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டான் லெவின். கொரியாவில் ராணுவத்தில் வேலை பார்த்தவர். முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்க வேண்டும் என்ற எண்ணமும் இந்தப் பொம்மைக்குப் பின்னால் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, இந்த வகைப் பொம்மையின் ஆரம்பமே ஒரு பழைய சிப்பாயின் மனசுதான்.

நம் ஊருக்கும் அது வந்தது. எம்.ஆர்.எஃப். கம்பெனி ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து 1987ல் ஃபன்ஸ்கூலை ஆரம்பித்தது. அந்த ஃபன்ஸ்கூல் போட்ட சின்ன ஜி.ஐ.ஜோக்களை வைத்து விளையாடிய பையன்கள் இங்கே ஏராளம். ஆனால் ஒன்று, அவற்றில் எதுவும் அப்பா மாதிரி இல்லை. நிறம் வேறு, முகம் வேறு, கையில் எப்போதும் ஒரு துப்பாக்கி. கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது. பிளாஸ்டிக் பொம்மைக்கு இரும்பு அச்சு வெட்டவே லட்சக்கணக்கில் ஆகும். ஒருவருடைய அப்பாவுக்காக யாரும் அச்சு வெட்ட மாட்டார்கள். நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

செய்வது எப்படி? ஆறில் ஒரு பங்கு என்பது வசதியான அளவு. அப்பா ஐந்தடி எட்டு அங்குலம் என்றால் பொம்மை சுமார் 29 சென்டிமீட்டர் வரும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பாரிமுனை பக்கத்தில்தான். அங்கே மொத்த விலைக் கடைகளில் தேடி, மூட்டு மடங்குகிற மலிவான பொம்மை ஒன்றை வாங்கலாம். அதன் முகத்தின் மேல் எம்‑சீல் வைத்து மூக்கு, தாடை, மீசை எல்லாம் செய்யலாம். அது சீக்கிரம் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிசைய வேண்டும். நிறத்துக்கு அக்ரிலிக் பெயின்ட். 'ஸ்கின் கலர்' என்று எழுதிய ரோஸ் டப்பா நமக்கு ஆகாது. பழுப்பும் மஞ்சளும் கலந்து, அப்பாவின் கை பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும்!

சீருடைதான் கஷ்டம். நிஜச் சீருடைத் துணியை வெட்டித் தைத்தால் பொம்மை சாக்குப் பையைப் போர்த்திக்கொண்ட மாதிரி நிற்கும். மெல்லிய பருத்தித் துணிதான் சரி. புள்ளி போட்ட சீருடை என்றால் புள்ளியையும் ஆறில் ஒன்றாகக் குறைத்துக் கையால் வரைய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே புள்ளி நெஞ்சு முழுக்க வந்துவிடும். எந்தக் காலத்துச் சீருடை என்பதும் முக்கியம். இப்போது டி.வி.யில் பார்க்கிற கட்டம் கட்டமான டிசைன் 2022 ஜனவரியில் ராணுவ தினத்தன்று அறிமுகமானது. அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்கு அதைப் போட்டால் அது அப்பா இல்லை, வேறு யாரோ. பட்டையும் அப்படித்தான். நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? இன்டர்நெட்டில் தேடினால் ராணுவம் கிடைக்கும், அப்பா கிடைக்க மாட்டார். அவரிடமேதான் கேட்க வேண்டும். "தொப்பி எந்தப் பக்கம் சாயும்? இந்த ரிப்பன் எதுக்குக் கொடுத்தாங்க? கையில் என்னப்பா வெச்சிருந்தீங்க?" கடைசிக் கேள்விக்குப் பதில் துப்பாக்கியாகவே இருக்க வேண்டியதில்லை. பட்டாளத்தில் டிரைவர் உண்டு, சமையல்காரர் உண்டு, டாங்கி ரிப்பேர் செய்கிற மெக்கானிக் உண்டு, பாலம் கட்டுகிற மெட்ராஸ் சாப்பர்ஸ் உண்டு. அம்மா ராணுவ நர்ஸாக இருந்திருக்கலாம். ஸ்பேனர் பிடித்தவர் கையில் ஸ்பேனரைக் கொடுப்பதுதான் மரியாதை. துப்பாக்கியைக் கொடுத்தால், அவர் செய்த வேலை போதாது என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். பொதுவாக "என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லடா, டியூட்டி பார்த்தேன்" என்று முடித்துவிடுகிறவர், பட்டன் எத்தனை என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

நம் முன்னோர் நடுகல் வைத்ததும் இப்படித்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்தது. அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்வரைக் கடித்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். வீரன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு உருவத்தைச் செதுக்கிவிட்டுப் போகவில்லை. அவன் யார், அவனோடு யார் இருந்தார்கள் என்று விசாரித்துச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

ஆனால் நடுகல் இறந்தவருக்கு வைப்பது. அதைச் செதுக்கியவர்கள் மற்றவர்களிடம்தான் கேட்டிருக்க முடியும். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் இன்றைக்கு நைட் டியூட்டி முடிந்து வந்ததும் கேட்கலாம். மூக்கு சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. பொம்மை நிற்கிற பலகையில் அவர் நம்பர், பெயர், யூனிட், சேர்ந்த வருடம், வந்த வருடம் இவற்றை மட்டும் தப்பில்லாமல் எழுதுங்கள். நம்பரை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.