கொத்தனார் போட்ட கோடு

அப்பாவுக்கு ஒரே ஆசைதான். வாடகை கொடுக்காத வீட்டில் ஒரு நாளாவது கண் விழிக்க வேண்டும். முப்பது வருஷம் மில்லில் ஷிப்ட் பார்த்த மனுஷன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீடு, பக்கத்திலேயே நாலு சென்ட் இடம். நான் இருப்பது ராஜபாளையம். பஸ்ஸில் அரை மணிதான் என்றாலும் தினமும் போய் நிற்க முடியுமா? பி.காம். மூளை வேலை செய்தது. லேப்டாப்பில் ‘காண்ட் ப்ராஜெக்ட்’ என்ற சாஃப்ட்வேரை இறக்கினேன். இலவசம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்!

விஷயம் சிம்பிள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. எத்தனை நாளோ, அத்தனை நீளம். அஸ்திவாரம் முடிந்தால்தான் சுவர் என்று ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால், முன்னது நாலு நாள் தள்ளினால் பின்னதெல்லாம் ரயில் பெட்டி மாதிரி தானே தள்ளிப் போகும். ஹென்றி காண்ட் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1910களில் பிரபலமாக்கியது. 1896-லேயே போலந்துக்காரர் கரோல் அடாமியெட்ஸ்கி இப்படி ஒன்று போட்டுவிட்டார். பேர் என்னவோ காண்ட்டுக்கு. நம் ஜாதகத்தில் சுக்கிர தசை 20 வருஷம், சனி தசை 19, ஆக மொத்தம் 120 என்று எழுதுகிறார்களே, அதுவும் இதே ரகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் ‘பால் காய்ச்சு’ என்று கடைசிப் பட்டையை நிறுத்தி, படத்தைக் கொத்தனார் மொபைலுக்கு அனுப்பினேன்.

“கலர் நல்லாருக்கு தம்பி” என்றார்.

சாஃப்ட்வேருக்குச் சனி, ஞாயிறு லீவு. கொத்தனாருக்கோ சனிக்கிழமைதான் சம்பளம்! அதைத் திருத்தினேன். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரில் வடம் பிடிக்க ஆட்கள் மொத்தமாகப் போய்விட்டார்கள். அதையும் திருத்தினேன். கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அந்தப் பட்டைக்கு நேரே அப்பா பெயர். காலையிலும் சாயந்திரமும் சைக்கிளில் போய்த் தவறாமல் ஊற்றினார். ஞாயிறு ராத்திரி போன் போட்டு, நடந்த வேலையை நான் ஏற்றுவேன்.

கார்த்திகையில் கணக்கு இடித்தது. என் லேப்டாப்பில் 46 நாள் வேலை. கொத்தனார் கேட்டது 52 நாள் கூலி. வீடும் பின்தங்கி நின்றது. அப்பா முன்னாலேயே கத்திவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. ஹாலுக்குக் கூட்டிப் போனார். பூசாத சுவரில் கரிக்கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நடுநடுவே சின்ன வட்டங்கள், கீழே தேதி.

“வட்டம் என்னண்ணே?”

“ஆள் வந்து சும்மா உக்காந்த நாள் தம்பி. எம்-சாண்ட் வரலை. அன்னிக்குக் கூலி என் கைக்காசு.”

எண்ணினேன். ஆறு வட்டம். சிமெண்ட் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து ஒத்துப் பார்த்தேன். ஆறு தேதியும் ‘மணல் இறக்குதல்’ பட்டைக்குள். பொறுப்பு என்ற கட்டத்தில்... என் பெயர்! லாரிக்கு அட்வான்ஸ் போட மறந்தது சாட்சாத் நான். ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று ஒரு பட்டன் உண்டு. எந்த வேலை ஒரு நாள் பிசகினால் மொத்த வீடும் பிசகுமோ, அதை மட்டும் பொறுக்கிக் காட்டும். அன்றுதான் முதல் முறையாக அமுக்கினேன். மணல் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“நீ அனுப்பாத மணலுக்கு அவரை ஏன்டா வையுறே?” என்றார் அப்பா.

52 நாளுக்கும் பணத்தைக் கொடுத்து, “மன்னிச்சுக்கோங்கண்ணே” என்றேன். ஆனால் ஆறு நாளில் தை முகூர்த்தம் கைநழுவியது. மாசி, பங்குனியில் கிரகப்பிரவேசம் ஆகாது என்று அம்மா கையை விரித்துவிட்டாள். ஆக, சித்திரை. அதுவரை வாடகை.

அடுத்த வாரம் ஹால் சுவரில் பூச்சு. அதற்குள் கரிக்கோடுகளை மொபைலில் படம் பிடித்து, ‘ஆள் வந்தும் வேலை இல்லை’ என்று புதிதாக ஒரு வரிசை சேர்த்து ஆறையும் ஏற்றினேன்.

எட்டிப் பார்த்த கொத்தனார், “அந்த போட்டோவை எனக்கும் அனுப்பிடுங்க தம்பி. அடுத்த வீட்டுக்காரர் எப்படியோ!” என்றார்.