ஏரி கேசட்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் பெட்டி ஏதாவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டிக் கீழே இறக்குங்கள். சினிமாப் பாட்டை எல்லாம் தனியே ஒதுக்கிவிட்டு, கர்நாடக சங்கீதக் கேசட்டுகளை மட்டும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். அட்டைகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சிரிப்பு வருகிறதா இல்லையா?

ஒரு வித்வானின் தலை மட்டும் தாமரைப் பூவுக்கு நடுவே முளைத்திருக்கும். ஒரு பாடகி அருவிக்குப் பக்கத்தில், அருவியைவிட உயரமாக நிற்பார். வயலின்காரர், கையில் வயலின் இல்லாமல், ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ மாதிரி நம்மை முறைப்பார். பின்னணியில் பனிமலை, துலிப் தோட்டம், சூரிய அஸ்தமனம். தோடி ராகத்துக்கும் துலிப் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று தியாகராஜரே வந்து கேட்டாலும் பதில் கிடைக்காது.

எனக்கும் சிரிப்பு வரும். சிரித்துமிருக்கிறேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நாகரசம்பட்டியில் என் அப்பாவுக்குத் தையல் கடை. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறப்பதற்கு முன்பு தர்மபுரி மாவட்டம். சுற்றிலும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. சபா, கச்சேரி, கேன்டீன் காபி என்று எதுவும் கிடையாது. கல்யாண வீட்டு நாதஸ்வரம்தான் நாங்கள் நேரில் கேட்ட ஒரே சங்கீதம்.

அந்தக் கடைக்குள் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்து சேர்த்தது என் மாமா. அம்மாவின் தம்பி. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். லீவு நாளில் பஸ் ஏறிப் போய் மெஜஸ்டிக் பக்கம் சுற்றிவிட்டு, நடைபாதையில் மலிவாகக் கிடைத்த கேசட்டுகளை வாங்கி வருவார். சாமிப் பாட்டு என்று நினைத்து வாங்கியது, போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேர ராக ஆலாபனையாக இருக்கும்.

“மாமா, படத்தைப் பாக்காதீங்க, பாட்டைக் கேளுங்க” என்று அப்பாவிடம் கொடுப்பார்.

அப்பா இரண்டையும் செய்தார். காலால் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். நூல் மாற்றும்போது அட்டையைப் பார்ப்பார். ராகம், தாளம் எதுவும் தெரியாது. சில கேசட்டுகளில் எழுத்தெல்லாம் கன்னடம்; படிக்கவும் முடியாது. எனவே அவரே பெயர் வைத்துவிட்டார். மயில் கேசட், அருவி கேசட், மஞ்சப் பூ கேசட். “டேய், மயிலைப் போடு” என்பார். அந்த மயில், புரந்தரதாசரின் தேவர்நாமாக்கள் என்பது, ஜாக்கெட் தைக்க வந்த கன்னடக்காரப் பாட்டி ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். தெரிந்த பிறகும் அது மயில்தான்.

எம்.எஸ்.ஸின் ‘பஜகோவிந்தம்’ மட்டும் விதிவிலக்கு. அதன் ஆரம்பத்தில் ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு சின்ன முன்னுரை பேசுவார், கேட்டிருப்பீர்கள். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் அல்லவா? அப்பா அதற்கு வைத்த பெயர் ‘நம்மூர்க்காரர் கேசட்’. கறுப்புச் சட்டை போட்ட ஒரு வாடிக்கையாளர் இருந்தார். “அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பேச்சை மட்டும் ஓட்டி விட்டுடுங்க” என்பார். அப்பா சிரித்துக்கொண்டே ஓட்டி விடுவார்.

இசைக்கு எதற்கு அட்டைப்படம் என்று நீங்கள் கேட்கலாம். ரொம்ப காலம் அது கிடையாதுதான். பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் வெறும் காகித உறையில் வந்தன. நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியே லேபிளும், குழாய்க்கு முன்னால் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்த நாயும் தெரியும். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் 1940-ல் இசைத்தட்டு ஆல்பத்துக்கு ஓவிய அட்டை போட்டுக் காட்டினார். விற்பனை ஏறியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே ஓடி வந்தன.

1948-ல் எல்.பி. வந்தபோது ஓவியருக்கு ஒரு அடிக்கு ஒரு அடி இடம் கிடைத்தது. சுவரில் மாட்டலாம் போல அட்டைகள் வந்தன. கூடவே கண்றாவிகளும்தான். 1970-களில் ‘வெஸ்ட்மின்ஸ்டர் கோல்டு’ என்று ஒரு அமெரிக்க வரிசை. பழைய மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பதிவுகளை மலிவு விலையில் மறுபடி விற்றார்கள். அட்டைகளில் வேண்டுமென்றே கிண்டல் படங்கள். இசை மேதைகளைக் கேலி செய்கிறார்கள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அந்த அட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு.

நம் ஊரில் யாரும் கிண்டல் செய்யவில்லை. பாவம், பக்தியோடுதான் செய்தார்கள். 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த கேசட், 1980-களில் இந்தியாவில் வெள்ளமாகப் பாய்ந்தது. ஒரு அடி அட்டை, உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. அதற்குள் பாடகர் முகம், கம்பெனி முத்திரை, தலைப்பு எல்லாம் அடங்க வேண்டும். தலைப்புகூடப் பல சமயம் ‘கர்நாடக இசை - வாய்ப்பாட்டு - பாகம் 3’ என்று அரசாங்க ஃபைல் மாதிரிதான் இருக்கும். ராகத்தை எப்படிப் படமாக வரைவது? காலண்டர் படம் ஒன்றை எடுத்து, பாடகர் தலையை வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது.

எல்லாப் புதிர்களும் தப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கேசட் அட்டையில் பழைய கச்சேரி போட்டோ. மிருதங்கம் வாசிப்பவரின் கை, வழக்கத்துக்கு மாறாக இருந்தது. “நெகட்டிவைத் திருப்பிப் போட்டுட்டாங்கப்பா, முட்டாப் பசங்க” என்றேன். காலேஜில் படிக்கிற திமிர்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “படத்தைத் திருப்பினா பொத்தான் பட்டியும் திரும்பணுமே? ஆம்பளைச் சட்டையில இடது பக்கம் மேல வரும். பாடறவரு சட்டையைப் பாரு, சரியாத்தான் இருக்கு. படம் தப்பில்லை. அவரு கைதான் வேற.”

உள்ளே பொடி எழுத்தில் பெயர் இருந்தது: பழனி சுப்ரமணிய பிள்ளை. இடது கைப் பழக்கம் கொண்ட மிருதங்க மேதை, 1962-ல் மறைந்தவர் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மற்ற மிருதங்கக்காரர்களுக்கு எதிர்ப்பக்கமாக அவர் உட்கார வேண்டும்; வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதனாலேயே ஆரம்பத்தில் சிரமப்பட்டிருக்கிறார். செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்கு ஆதரவாக நின்றிருக்கிறார். இதெல்லாம் தெரியாமலேயே ஒரு தையல்காரர் பொத்தானை வைத்து உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்.

இனி ஏரிக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு மிகப் பிடித்தது ஏரி கேசட். நீலமாக ஒரு வெளிநாட்டு ஏரி, ஓரத்தில் ஊசியிலை மரங்கள், தண்ணீருக்கு மேல் ஒரு பாடகரின் தலை. முழுகிக்கொண்டிருப்பவர் உதவிக்குக் கூப்பிடுவது போலவே இருக்கும். பாடகர் பெயரைச் சொல்ல மாட்டேன். படத்துக்கு அவர் பொறுப்பில்லை. தீபாவளிக்கு முன்னால் ராத்திரி முழுக்கத் தைக்கும்போது ஏரிதான் ஓடும். “இது ஓடினா கால் வலிக்கறதில்லடா” என்பார்.

கண் பார்வை குறைந்து அவர் கடையை மூடியபோது இடத்தைக் காலி செய்தது நான்தான். டேப் ரிக்கார்டர் எப்போதோ செத்துவிட்டது. கேசட்டுகளில் பூஞ்சை. அந்த அட்டைகளை நண்பனிடம் ஒவ்வொன்றாகக் காட்டிச் சிரித்தேன். பிறகு மொத்தத்தையும் பழைய பேப்பர்காரரின் சாக்கில் கொட்டினேன். எல்லாம்தான் போனில் கிடைக்கிறதே!

போன வருஷம் அப்பா கீழே விழுந்து படுத்துவிட்டார். ஞாபகமும் போக ஆரம்பித்தது. என் பெயருக்குப் பதில் மாமா பெயரைச் சொல்லுவார். ஒருநாள் சாயங்காலம் தெளிவாகக் கேட்டார்: “ஏரியைப் போடேன்.”

போனை எடுத்தேன். என்னவென்று தேடுவது? பாடகர் பெயர் ஞாபகம் இருந்தது. அவர் பெயரில் நூற்றுக்கணக்கான பதிவுகள் வந்தன. சாமி படம் போட்டவை, கறுப்புத் திரை, ‘அருமையான கச்சேரி’ என்று மட்டும் தலைப்பு வைத்தவை. யார் வயலின், யார் மிருதங்கம், ஒன்றும் கிடையாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, “இது ஏரி இல்லை” என்றார். நான்கு நாள் இப்படியே போனது. உலகத்துப் பாட்டெல்லாம் கையில் இருக்கிறது, அவர் கேட்கிற ஒன்று மட்டும் இல்லை. அது இருந்ததைச் சாக்கில் போட்டது யார்?

ஐந்தாம் நாள் அம்மா, அப்பாவின் அளவு நோட்டுகளை எடுத்து வந்தார். தோள், கை, நெஞ்சு என்று ஊர் மக்களின் உடம்பெல்லாம் எண்களாக இருக்கும் நோட்டுகள். ஒன்றின் நடுவே, பக்கத்துக்கு அடையாளமாக, அந்த ஏரி. டப்பா உடைந்ததும் அட்டையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்.

திருப்பினேன். பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு. பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர். வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார். அத்தனை வருஷம் எங்கள் வீட்டில் யாரும் படிக்காத பொடி எழுத்து. பெரிய பாட்டு, கரகரப்ரியா ராகத்தில் ‘சக்கனி ராஜ’. பாடகர், பாட்டு, பக்கவாத்தியம் மூன்றையும் சேர்த்துத் தேடியபோது அரை மணி நேரத்தில் ஒன்று அகப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றியிருக்கிறார். ஆரம்பத்தில் அந்த ‘ஸ்ஸ்’ சத்தம்கூட இருந்தது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். போர்வைக்குள் வலது கால் மெதுவாக மிதித்தது. நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, கையிலிருந்த போனைப் பார்த்தார். திரையில் ஒன்றுமில்லை, கறுப்பு.

“ஏரி எங்கடா?”

அட்டையை எடுத்து, மருந்து டம்ளரில் சாய்த்து, அவர் முகத்துக்கு நேரே வைத்தேன். நீலத் தண்ணீர், ஊசியிலை மரம், நடுவில் ஒரு தலை. எனக்கு இந்தமுறை சிரிப்பு வரவில்லை. அப்பாதான் லேசாகச் சிரித்தார்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன் அல்லவா? நாடா கெட்டுப்போயிருந்தால் போகட்டும். அட்டைகளை எறிந்துவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஒவ்வொன்றாகக் காட்டி, இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது அவர்கள் ஏரியைக் கேட்கலாம்.