தொட்டிலும் உயிலும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் விண்ணப்பத் தாளில் ‘பாதுகாவலர்’ என்று ஒரு கட்டம் உண்டு. வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் அத்தகைய தாள்கள் கட்டுக் கட்டாக நம் மேஜைக்கு வருகின்றன. தகப்பனார் பெயரை மேலே எழுதியவர்கள் இந்தக் கட்டத்திலும் அதே பெயரை எழுதிவிடுகிறார்கள். சிலர் ஒரு கோடு கிழித்துவிட்டு அப்பால் போகிறார்கள். தகப்பனாரும் தாயாரும் இல்லாமற்போனால் இந்தக் குழந்தைக்கு யார் என்ற கேள்வி அங்கே ஒளிந்திருக்கிறது. அதற்குப் பதில் எழுத யாருக்கும் பேனா எழுவதில்லை.

குழந்தை பிறந்தவுடன் நாம் செய்யாத காரியம் உண்டா? ஜாதகம் கணிக்கிறோம், பெயருக்காகப் புஸ்தகங்களைப் புரட்டுகிறோம், அது குப்புற விழுவதற்குள் காலேஜ் சம்பளத்துக்குச் சேமிக்கத் தொடங்குகிறோம். உயில் மாத்திரம் கிழவர்கள் எழுதுவது என்று எண்ணம். நம் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. எண்பது வயதுக் கிழவர் உயில் எழுதாமல் போனால், வளர்ந்த பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். முப்பது வயதுக்காரர் போனாலோ, சண்டை போடவும் தெரியாத ஒரு ஜீவன் தொட்டிலில் கிடக்கும்.

சில வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் படித்த ஒரு சிறுவனின் தகப்பனார் திடீரென்று மாரடைப்பால் காலமானார். வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. பையனுக்குச் சான்றிதழ் வாங்க வந்த அவன் தாயார் சொன்ன விவரம் இன்னும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. வங்கிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், சீட்டுப் பணம் யாவும் கணவரின் கைபேசிக்குள் இருந்தன. அதைத் திறக்கும் ஆறு இலக்கங்கள் அவருக்கு மட்டுமே தெரியும். பிறந்த தேதி, கல்யாணத் தேதி, ஸ்கூட்டர் நம்பர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் நீண்டது. கடைசியில் அது அடியோடு பூட்டிக்கொண்டது.

வங்கியில் ‘நாமினி’யாக இருந்தவர் கணவரின் தாயார். முதல் வேலை கிடைத்தபோது, பிரம்மசாரியாக எழுதிக் கொடுத்தது, பிறகு மாற்றவில்லை. நாமினி என்றால் சொந்தக்காரர் என்று அநேகர் நினைக்கிறார்கள். வங்கிப் பணத்தில் அவர் வாங்கிக்கொள்ளும் கை மாத்திரமே. பணம் வாரிசுகளைச் சேர்ந்தது. கம்பெனிப் பங்குகளிலும் அப்படியே என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உயில் இல்லாத ஹிந்துப் புருஷரின் சொத்து 1956-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயார், மனைவி, பிள்ளைகளுக்குச் சமபாகமாகப் போகும். ஆகவே அவர்கள் குடியிருந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சிறுவனுடையது. மைனரின் பங்கைக் கோர்ட்டின் அனுமதியின்றி விற்க முடியாது. குழந்தையின் நன்மைக்காகவே ஏற்பட்ட விதி, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுப் பிறந்தகத்துக்குப் போக நினைத்த அந்த அம்மாள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள்.

பணம் ஒருவாறு வந்து சேர்ந்தது. வராதது ஒன்று உண்டு. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது தகப்பனார் தாலாட்டுப் பாடியதை அந்தக் கைபேசியில்தான் பதிவு செய்திருந்தார்களாம். வேறெங்கும் பிரதி இல்லை.

இத்தனைக்கும் உயில் எழுதுவது கஷ்டமான காரியம் அன்று. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாள் போதும். ரிஜிஸ்தர் செய்வதும் அவரவர் இஷ்டம். செய்தால் பின்னால் வாதம் குறையும். எழுதியவர் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகள் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறாதவர்கள் சாட்சியாக இருப்பது உத்தமம். எல்லாம் கைபேசி மூலமாக நடக்கும் இக்காலத்தில் உயில் மாத்திரம் பிடிவாதமாகப் பழைய வழக்கத்தை விடவில்லை. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையெழுத்துக்கு அங்கீகாரம் தந்தபோதே உயிலை விலக்கி வைத்தது. வாட்ஸப்பில் அனுப்பிய செய்தி உயில் ஆகாது.

பாதுகாவலரையும் உயிலிலேயே நியமிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிந்து மைனர்கள் சட்டப்படி, தகப்பனார் எழுதிய நியமனம் தாயார் ஜீவித்திருக்கும் வரை செல்லாது. தாயாரின் நியமனம் அதற்கு மேற்பட்டது. ஆதலால் கணவனும் மனைவியும் கலந்து பேசி, தனித்தனியே உயில் எழுதி, ஒரே பெயரைக் குறிப்பிடுவது நல்லது. அந்தப் பெயருக்குரியவரின் சம்மதத்தை முன்னதாகக் கேட்க வேண்டும் என்பதை அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

கடவுச்சொற்களை உயிலில் எழுதலாகாது. அது ஒரு நாள் பலர் கைக்குப் போகும் காகிதம். எந்த வங்கி, எந்தப் பாலிஸி, யாருக்கு எவ்வளவு கடன் என்ற ஜாபிதாவையும், கைபேசியின் பூட்டு எண்ணையும் தனி உறையில் வைக்கலாம். காலமானவரின் கடவுச்சொல்லைக் கொண்டு பணத்தை எடுப்பது முறையன்று. எங்கே என்ன இருக்கிறதென்று தெரிந்தால் முறைப்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாமே! படங்களுக்கும் கடிதங்களுக்கும் அந்தந்தக் கம்பெனிகளே வழி வைத்திருக்கின்றன. நாம் குறித்த காலம் வரை, அதாவது மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை, கணக்கு சும்மா கிடந்தால், நாம் சொன்னவருக்கு அதைத் திறந்துவிடும் ஏற்பாடு கூகிளில் 2013 முதல் உண்டு. ஆப்பிளில் இத்தகைய ஏற்பாடு 2021-ல் வந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டால், இரண்டு வருஷம் தொடப்படாத கணக்கைக் கூகிள் அழித்துவிடவும் கூடும்.

நம் தமக்கைக்குச் சென்ற வருஷம் பேரன் பிறந்தான். நாமகரணத்துக்குப் போன இடத்தில் இந்த விஷயத்தை எடுத்தோம். “ஏண்டா, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டிலே பேசுகிற பேச்சா இது?” என்று தமக்கை சீறினாள். மருமகனோ மறுநாளே, “மாமா, அந்தக் காகிதத்தில் என்ன எழுத வேண்டும்?” என்று தனியாக வந்து கேட்டான். எழுத்து வேலை ஒரு மணி நேரந்தான். பெயர் முடிவாக மூன்று வாரம் ஆயிற்று. அவன் தமையனுக்குப் பண வசதி உண்டு. குழந்தைகளிடம் பொறுமை கிடையாது. அவள் தங்கைக்குப் பொறுமை ஏராளம். கணக்கு என்றால் காத தூரம். வளர்ப்பதை ஒருவரிடமும் பணத்தை மற்றொருவரிடமும் ஒப்படைக்கலாமே என்றோம். அப்படியே எழுதினார்கள்.

சாட்சிக் கையெழுத்துப் போட அடுத்த வீட்டார் இருவர் வந்திருந்தனர். காப்பி கொண்டுவந்த தமக்கை சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஏண்டா, என் இரட்டை வடச் சங்கிலிக்கும் இப்படி ஒன்று எழுதி வைக்கட்டுமா? நாட்டுப்பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே!” என்றாள்.

இன்னொரு வெள்ளைத் தாள் கொண்டுவரச் சொன்னோம்.