இந்தத் தட்டு எந்த டேப்பிலிருந்து வந்தது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பழைய இசைத்தட்டு தேடுகிறவர்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் ரேடியோ செட் கடைதான். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் பொங்கல் என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட கடைகள் அவை. கேசட் வந்ததும் தட்டுகள் பரணுக்கு ஏறிவிட்டன. சோழபுரத்தில் அப்படி ஒரு கடை நடத்திய அண்ணாச்சியிடம்தான் நான் இந்த வேலையைப் படித்தேன். தட்டைக் கழுவுவது, தரம் பார்ப்பது, ஒரே ஆல்பத்தின் பல பதிப்புகளை ஒப்பிட்டு விலை சொல்வது, நல்ல தட்டைக் கணினியில் பதிந்து வைப்பது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த வேலை.

முதல் பாடம் கழுவுவது. பஞ்சு மில் ஊர் என்பதால் உறையில்லாமல் கிடந்த தட்டின் வரிகளில் தூசியோடு பஞ்சு இழையும் பிசுக்கும் சேர்ந்து அடைந்திருக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை நனைத்து, வரி போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். லேபிளில் ஈரம் படக் கூடாது. வினைல் தட்டென்றால் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சேர்க்கலாம். 78 வேகத் தட்டுக்கு அதைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

அடுத்தது தரம். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார். மேலே தெரிகிற கீறலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சத்தமான இடங்களில் வரி சாம்பல் பூத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ரேடியோ செட் பிளேயரின் முள் ஐந்தாறு கிராம் எடையில் அழுத்தும். இன்றைய கேட்ரிட்ஜ்கள் இரண்டு கிராம் அளவில் நிற்கின்றன. திருவிழாவுக்குத் திருவிழா ஓடிய தட்டில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், பாடுகிறவரின் ‘ச’வும் ‘ஸ’வும் கரகரக்கும். அதிலும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் அது நன்றாகத் தெரியும். 12 அங்குலத் தட்டு 33⅓ வேகத்தில் சுற்றும்போது, வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. வரி ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. “தம்பி, தட்டு வாங்கப் போனா மொதப் பாட்டைக் கேக்காத, கடைசிப் பாட்டைக் கேளு” என்பார் அண்ணாச்சி. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டு வருகிற புதுத் தட்டுக்கும் இந்தச் சோதனையைத்தான் வைக்கிறேன்.

ஒப்பிடுவதைப் படித்தது பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பத்தில். மில் குடும்பம் ஒன்றின் வீட்டிலிருந்து வந்த தட்டுக் கட்டில் அது இருந்தது. கொல்கத்தா டம் டம்மில் கிராமஃபோன் கம்பெனியின் ஆலையில் அச்சான தட்டு. அதே ஆல்பத்தைக் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓக்கெல்லும் புதிதாக மிக்ஸ் செய்து 2019-ல் வந்த பதிப்பை நான் வாங்கிப் போயிருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன்னால் அண்ணாச்சி சொன்னது: “மொதல்ல சத்தத்தைச் சமமா வை.” கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவோ அதையே காது நல்லது என்று சொல்லிவிடும். இந்தப் பலவீனத்தை நம்பித்தான் எத்தனையோ ரீமாஸ்டர்கள் விற்கின்றன. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ 2008-ல் வந்தபோது, சிடியில் எல்லாமே ஒரே உரப்பில் நசுங்கிக் கிடந்ததாக ரசிகர்களே கொதித்தார்கள். வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகளில் ஏற்ற இறக்கம் பிழைத்திருந்தது.

சத்தத்தைச் சமமாக்கிய பிறகு ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ‘தி எண்ட்’ பாட்டில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் தனியாக வரும் இடத்தை எடுத்துக்கொண்டோம். பதிவின்போது டேப்பிலிருந்த எட்டு டிராக்கில் இரண்டை அந்த டிரம்ஸுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய தட்டில் அது சற்றுத் தள்ளி, மற்ற வாத்தியங்களோடு ஒட்டி நிற்கிறது. புதியதில் தோலின் அதிர்வும் பால் மெக்கார்ட்னியின் பேஸும் முன்னால் வந்துவிடுகின்றன. குரல்கள் சேருகிற இடங்களுக்கு எனக்குப் பழையதே பிடிக்கிறது, பேஸுக்குப் புதியது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

1969-ல் பதிந்த எட்டு டிராக்கும் தனித்தனியாக டேப்பில் இருந்ததால்தான் ஐம்பது ஆண்டு கழித்து மறுபடி கலக்க முடிந்தது. ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’ (1971) ஆல்பத்தை ஸ்டீவன் வில்சன் 2011-ல் மிக்ஸ் செய்ததும் அப்படித்தான். மங்கிக் கிடந்த அந்த ஆல்பம் அதில் திறந்துகொண்டது. லெட் செப்பெலினின் 2014 பதிப்புகள் வேறு வகை. ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் ரீமாஸ்டர் ஆனாலும் அவற்றின் கலவை பழையதுதான். முடிந்துபோன கலவையின் உரப்பையும் ஒலித்தன்மையையும் மட்டுமே ரீமாஸ்டரில் மாற்றலாம். உறையில் ‘புதிய பதிப்பு’ என்று போட்டிருந்தால், இந்த இரண்டில் எது என்று பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

நம் பாட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட, கலவை அந்தக் கூடத்திலேயே முடிந்துவிடும். மைக்குக்கு யார் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்பதுதான் மிக்ஸ். ‘கர்ணன்’ (1964) படத்தை 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டை ‘அபே ரோடு’ போலப் பிரித்துக் கலக்கத் தனித்தனி டிராக் கிடையாது. இதை உணராமல் எதிரொலி கூட்டி, மோனோவைப் போலி ஸ்டீரியோவாக்கி வந்த சிடிகள் எத்தனையோ. இரைச்சலை வழித்தெடுக்கிறேன் என்று பாடகியின் மூச்சையும் தம்பூராவின் ரீங்காரத்தையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். அண்ணாச்சி அப்படியொரு சிடியை ஓடவிட்டு, அதே பாட்டின் 45 வேகச் சின்னத் தட்டை மோனோவில் போட்டுக் காட்டினார். தட்டில் படபடவென்று சத்தம் இருந்தது. ஆனால் தபேலாவின் இடது கை தட்டில்தான் கேட்டது.

2022-ல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்காக, ஒரே டிராக்கில் ஒட்டிக் கிடந்த வாத்தியங்களைக் கணினியால் பிரித்தெடுத்தார்கள். நம் பாட்டுக்கும் ஒருநாள் அது நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குக் கெடாத மூலம் ஒன்று வேண்டும். மூல டேப் கிடைக்காத பாட்டுக்குத் தேயாத தட்டுதான் மூலம்.

விலையைப் பற்றி: இறக்குமதியாகும் புது ராக் தட்டு ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் வரை கேட்கிறார்கள். 180 கிராம் கனம் என்பதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பதில்லை. வரியில் இருக்கிற ஒலி கனத்தால் மாறாது. டேப்பிலிருந்து நேரே வெட்டியவை என்று வாங்கியவர்கள் நம்பியிருந்த மொபைல் ஃபிடெலிட்டி தட்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022-ல் வெளியே வந்தது. அவை நன்றாக ஒலித்தது உண்மை. ஆனால் கொடுத்த விலையில் ஒரு பங்கு அந்த நம்பிக்கைக்கானது. பழைய தமிழ்த் தட்டில் நடிகர் படத்துக்கும் உறைக்கும்தான் விலை ஏறுகிறது. உறை கிழிந்து, வரி கெடாத தட்டு கிடைத்தால் நான் யோசிக்காமல் வாங்குவேன்.

பரணில் தட்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிகாரம் செய்யவோ பழைய இரும்புக்கோ கொடுத்துவிடாதீர்கள். அடுக்கிப் படுக்கவைக்காமல், வெயில் படாத இடத்தில் நிறுத்திவையுங்கள். தேய்ந்த முள்ளால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். கணினியில் பதிகிறவரிடம் கொடுத்தால், இரைச்சலை எடுக்காத ஒரு பிரதியையும் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.