இரண்டு அரளி

நாங்கள் சேலத்திலிருந்து பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்த ஆண்டில் எனக்கு வாய்ப்புண் வந்தது. அண்டை வீட்டுக் கன்னடப் பாட்டியார், அரளித் தளிரைக் கொதிக்கவைத்து அந்நீரால் வாய் கொப்பளிக்கச் சொன்னார். அம்மா திடுக்கிட்டார். எங்கள் ஊரில் அரளியின் இலை, பூ, விதை யாவும் நஞ்சு. ஆயினும், "பெரியவர் சொல்கிறார், விழுங்கப் போவதில்லையே" என்று தம்மைத் தேற்றிக்கொண்டு, சாலை நடுவே வளர்ந்திருந்த செவ்வரளியின் இலைகளைப் பறித்து வந்தார்.

அடுப்பில் நீர் கொதிக்கும் வேளையில் பாட்டியார் வந்தார். இலையைக் கண்டதும், "ஐயோ, இது கணகிலே!" என்று பதறிப் பாத்திரத்தைக் கவிழ்த்தார். பின்னர் என் கையைப் பற்றித் தெருமுனைக்கு அழைத்துச் சென்று, மேடை கட்டிய பெருமரம் ஒன்றைக் காட்டினார். அது நம் அரசமரம்! கன்னடத்தில் அரசுக்கு அரளி என்று பெயர். நம் அரளியோ அங்கே கணகிலே.

அடுத்த ஞாயிறன்று லால்பாக் சென்றோம். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் அது. அதுவரை நான் பொருட்படுத்தாத மரப் பெயர்ப்பலகைகளை அன்று நின்று படித்தேன். அரசு, ஃபைகஸ் ரிலிஜியோசா. அரளி, நீரியம் ஒலியாண்டர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் உள்ள பெயர்கள் இவை. முதற்சொல் பேரினத்தையும் அடுத்த சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நாவில் எளிதில் புரளாத பெயர்கள்தாம். ஆனால் சேலத்திலும் பெங்களூருவிலும் அவை ஒன்றே.

இன்றும் அம்மா அரளி என்று வாய் திறந்தால், பூவா மரமா என்று பாட்டியார் கேட்காமல் விடுவதில்லை.