கணினியின் துயிலும் எழுச்சியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்கி வருகின்றனர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இப்பெயர்களுக்குக் காரணம். எழுவான்கரை கடலோரமாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். மக்கள் நெருக்கம் மிக்கது. படுவான்கரையோ பரந்த வயல்நிலம். இரு கரைகளையும் இணைத்தவை நெடுங்காலம் படகுப்பாதைகளே. மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில், அக்கரை செல்ல வேண்டியவர் படகு வரும் வரை காத்து நின்றே ஆகவேண்டும். கணினி தன் நினைவுகளைக் கையாளும் முறையை விளக்குதற்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது.

கணினியிலும் இரு கரைகள் உள. விரைவும் ஒடுக்கமும் உடைய முதன்மை நினைவகம் ஒன்று; மந்தமும் விரிவும் உடைய வன்தட்டு மற்றொன்று. நினைவகத்தில் இடம் போதாதபோது, அப்போதைக்கு வேண்டப்படாத பக்கங்களைப் பணிசெயல் முறைமை வன்தட்டிலுள்ள பரிமாற்றப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறது, வேண்டியபோது மீட்டுக்கொள்கிறது. இவ்வேற்பாடு புதியதன்று. 1962இல் இயங்கத் தொடங்கிய மஞ்செஸ்ரர் அற்லஸ் கணினியிலேயே நினைவகத்துக்கும் சுழலும் உருளைக்கும் இடையே பக்கங்கள் இவ்வாறு போய் வந்தன. போக்குவரத்து மிகுந்து, பக்கங்களைக் கரைமாற்றுவதிலேயே கணினியின் காலமெல்லாம் கழிந்துபோகும் நிலையைப் பீற்றர் டெனிங் 1968இல் ஆராய்ந்து எழுதினார். அந்நிலையை உழலுதல் என்று தமிழில் கூறலாம். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காரைதீவு விபுலாநந்த அடிகள் இன்றிருப்பின் இதனினும் நல்ல சொல் தந்திருப்பார்.

இந்தப் போக்குவரத்தின் உண்மையான சோதனை கணினி துயிலும்போதும் எழும்போதுமே நிகழ்கிறது. துயில் என்று ஈண்டுக் குறிப்பது, நினைவகத்தில் உள்ளவற்றின் படிமம் ஒன்றை வன்தட்டில் எழுதிவிட்டு மின்னை முற்றாக நிறுத்திக்கொள்வதாகும். மின் மீண்டதும் அப்படிமத்தைப் படித்து, விட்ட இடத்திலிருந்து கணினி தொடர்கிறது. ஒழுங்காக மின் கிடைக்கும் நாடுகளில் இது ஒரு வசதி; அவ்வளவே. 2022இன் முற்பகுதியில் இலங்கையில் அது வசதியாக இருக்கவில்லை. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையாலும் நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்தமையாலும் மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் மாத இறுதியில் 13 மணி நேரத்தை எட்டியது.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அந்நாள்களில் தன் இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். 4 கிகாபைற்று நினைவகமும் பழைய வன்தட்டும் கொண்ட மேசைக்கணினி. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமை. ஐந்து நிமிடம் தாங்கும் யூ.பி.எஸ். மின் நின்றதும் கணினியைத் துயிலவைப்பாள். மின் வந்ததும் ஒரு நிமிடத்துக்குள்ளே திரை தோன்றும். ஆய்வேடு விட்ட வரியிலேயே நிற்கும். ஆனால் அதன் பின்னர் ஒரு சொல்லைத் தட்டினால் அது திரையில் விழ நேரமாகும். சாளரம் மாற்றினால் வன்தட்டு உறுமிக்கொண்டே இருக்கும். கிடைப்பதோ சில மணி நேர மின். அதிலே கால்மணி நேரம் இவ்வாறு கழிவதை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தகப்பனார், கணினி பழுதாகிவிட்டது, விற்றுவிடலாம் என்றார். பழுது எதுவும் இல்லை.

காரணம் யாதெனில், லினக்ஸ் தன் நினைவகத்தைப் படிமமாக்கும்போது முதலில் நினைவகத்துக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளடக்கம் மாறிவிடக் கூடாதல்லவா? பிரதிக்கும் இடம் வேண்டுமாதலால், படிமம் நினைவகத்தில் அரைப்பங்குக்கு மேற்பட இயலாது. முறைமை இயல்பாக வைத்துக்கொள்ளும் இலக்கோ அதனினும் சிறிது; நினைவகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 4 கிகாபைற்றில் அது 1.6 ஆகும். மாணவி 3 கிகாபைற்று அளவில் பயன்படுத்திக்கொண்டிருந்தாளாயின், எஞ்சிய 1.4 துயிலுக்கு முன்னரே வெளியேற்றப்பட வேண்டும். கோப்புகளிலிருந்து படித்து வைத்தவை எறியப்படும். மற்றவை பரிமாற்றப் பகுதிக்குப் போகும். எழும்போது படிமம் மட்டுமே திரும்புகிறது. ஏனையவை அக்கரையிலேயே நிற்கின்றன. யாராவது தேடினால் மட்டும் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

எவ்வளவு காலம் செல்லும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் 4 கிலோபைற்று. 1 கிகாபைற்றில் 2,62,144 பக்கங்கள். லினக்ஸ் வழக்கமாக ஒரு தடவையில் 8 பக்கங்கள் வரை கொண்டுவரும். அவ்வாறாயின் 32,768 தடவைகள். வன்தட்டின் முனை இடம்விட்டு இடம் நகர்ந்து ஒரு தடவை படிப்பதற்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் ஆகும் எனக் கொண்டால் மொத்தம் ஐந்தரை நிமிடம். கூட வந்த பக்கங்கள் வேண்டாதவையாயின் அது இன்னும் நீளும். அதே 1 கிகாபைற்றை, செக்கனுக்கு 100 மெகாபைற்று வீதம், முனையை நகர்த்தாமல் தொடர்ச்சியாகப் படித்தால் 10 செக்கன் போதும். முன்னது படகு, பின்னது பாலம். படிமம் பாலத்தால் வருகிறது. பரிமாற்றப் பகுதியில் உள்ளவை படகால் வருகின்றன. ஆகவே படிமத்தைச் சிறிதாக்கினால் திரை விரைந்து தோன்றும். ஆயினும் வேலை தாமதமாகும். திரை தோன்றும் நேரத்தை அளந்துவிட்டு எழுச்சி விரைவானது எனக் கூறுவோர் பாதிக் கணக்கை மட்டுமே காட்டுகின்றனர்.

இக்குறையை அறிந்து முயன்றோர் இருந்தனர். லினக்ஸின் துயில் முறையை வளர்த்தவர்களுள் பாவெல் மாச்செக், ரஃபேல் வைசோக்கி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். அவர்களது முறைக்குப் புறம்பாக நைஜல் கனிங்ஹாம் வேறொரு வழி கண்டார். நினைவகத்தின் ஒரு பகுதியை முதலில் வன்தட்டில் எழுதிவிட்டு, அவ்வாறு விடுபட்ட இடத்தில் எஞ்சியதன் பிரதியை எடுத்தால், ஏறக்குறைய முழு நினைவகமும் பாலத்தாலேயே திரும்பிவிடும். டக்ஸ்ஒன்ஐஸ் எனப்பட்ட அம்முறை பலரால் விரும்பிப் பயன்படுத்தப்பட்டும் லினக்ஸின் மூலத் தொகுப்பில் இடம்பெறவில்லை.

மெல்பேணைச் சேர்ந்த கொன் கொலிவாஸ் மற்றொருவர். தொழிலால் அவர் மயக்க மருந்து வைத்தியர். துயிலவைப்பதும் எழுப்புவதும் அவருக்குப் பழக்கமான செயல்களே. கணினி சும்மா இருக்கையில், நினைவகத்தில் இடமிருப்பின், பரிமாற்றப் பகுதியில் உள்ளவற்றைத் தேடுமுன்னரே மெல்லக் கொண்டுவந்து சேர்க்கும் நிரல் ஒன்றை அவர் எழுதினார். அது பரிசோதனைத் தொகுப்பிலே நெடுநாள் கிடந்தது. அதன் பயனை அளந்து நிறுவுமாறு கேட்டனர். மேசைமுன் இருப்பவரின் காத்திருப்பை எந்த அளவுகோலால் அளப்பது? 2007இல் அவர் அப்பணியை விட்டு விலகினார். பெருங்கணினிகளின் வேலையளவைக் கொண்டு வீட்டுக் கணினியின் தேவையை மதிப்பிட்டமையே இங்கு நேர்ந்த தவறு எனத் தோன்றுகிறது.

மாணவி செய்தது எளிய காரியம். படிமத்தின் இலக்கை 1.6இலிருந்து அரைப்பங்கு வரை உயர்த்தினாள். துயிலவைக்குமுன் இணைய உலாவியில் வேண்டாத பக்கங்களை மூடினாள்; வெளியேற்ற வேண்டியவை அதனாலேயே பெரிதும் குறைந்தன. எழுந்ததும், பரிமாற்றப் பகுதியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் திறக்கும் ஆணையைக் கொடுத்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள். நிறுத்தும்போது அங்குள்ளவை அனைத்தும் நினைவகத்துக்குத் திரும்பியாக வேண்டும். நினைவகத்தில் இடம் இல்லையெனில் ஆணை நிறைவேறாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். காத்திருப்பு முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் தட்டிய சொல் திரையில் விழாத எரிச்சல் ஒழிந்தது. இதற்கு அவள் கொடுத்த விலை, துயிலும் நேரம் சற்றே நீண்டமை. யூ.பி.எஸ்ஸின் ஐந்து நிமிடத்துக்குள் படிமம் எழுதி முடியாவிட்டால் அனைத்தும் போய்விடும். ஆகவே முதல் இரு தடவைகள், மின் இருக்கும்போதே துயிலவைத்து, கைக்கடிகாரத்தால் நேரம் பார்த்துக்கொண்டாள்.

அசையும் முனையற்ற திண்மநிலைத் தட்டுகளில் ஒரு தடவை படிப்பதற்கு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கே செல்லும். மேற்கண்ட ஐந்தரை நிமிடம் மூன்று செக்கனளவில் முடிந்துவிடும். நினைவகத்துக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் முறையும் இப்போது பரவலாக உள்ளது. எனினும் அதை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வாறு துயில இயலாது. மின் நின்றால் நினைவகமும் வெறுமையாகிவிடும். துயில வேண்டுமெனில் வன்தட்டிலே தனியாக ஒரு பரிமாற்றப் பகுதி வேண்டும்; அது படிமத்தையும், அதற்கு முன்னர் வெளியேறும் பக்கங்களையும் சேர்த்துத் தாங்கும் அளவினதாகவும் இருத்தல் வேண்டும்.